ஹாஸ்பிஸ் பணியாளர்களைப் பாராட்டுவது எப்படி? புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாஸ்பிஸ் என்கிற இறுதிக்காலப் பராமரிப்பு நிறுவனத்தில் நீங்கள் புதிதாக மேற்பார்வைப் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள். “நம்ம ஸ்டாஃபை ஊக்கப்படுத்துற மாதிரி ஏதாவது ஏற்பாடு பண்ணுங்க” என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சட்டென்று தோன்றுவது ‘இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று சுவரில் ஒரு போட்டோ, கையில் ஒரு சான்றிதழ். கொஞ்சம் பொறுங்கள். விற்பனைக் கணக்கு இருக்கும் இடத்தில் அது சரிப்பட்டு வரலாம். இங்கே வேலை நடக்கும் விதமே வேறு.

பொதுவாக ஒரு மருத்துவமனையில் வேலை நன்றாக நடந்தால் நோயாளி குணமாகி நடந்து போகிறார். அதைப் பார்ப்பதே அங்கிருப்பவர்களுக்குப் பாதிச் சம்பளம். ஹாஸ்பிஸில் எல்லாம் மிகச் சரியாக நடந்தாலும் நோயாளி இறந்துதான் போவார். நல்ல வேலைக்கு முதல் சாட்சி அவர். அவர் வந்து சொல்லப்போவதில்லை. அடுத்த சாட்சி குடும்பம். அவர்கள் துக்கத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனவே பாராட்டுத் திட்டம் என்பதில் முக்கால்வாசி வேலை, சாட்சியைத் தேடிப் பிடிப்பதுதான். விருதும் விழாவும் அதற்கு அப்புறம்.

முதலில் முழுப் பட்டியல்

ஒரு தாளில் உங்கள் நிறுவனத்தில் வேலை செய்யும் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். டாக்டர், நர்ஸ் என்று தொடங்கினால் தானாகவே நின்றுவிடும். அதனால் தலைகீழாகத் தொடங்குங்கள். துணி துவைப்பவர், தரை துடைப்பவர், சமையலறை ஆட்கள், வண்டி ஓட்டுபவர், இரவுக் காவலர், போன் எடுப்பவர், மருந்துக் கிடங்கைப் பார்ப்பவர், பராமரிப்பு உதவியாளர்கள், பிசியோதெரபிஸ்ட், சமூகப் பணியாளர், ஆன்மிக ஆறுதல் சொல்ல வருபவர், தன்னார்வலர்கள், இறப்புக்குப் பிறகு குடும்பத்தோடு தொடர்பில் இருப்பவர், அப்புறம் நர்ஸ்கள், டாக்டர்கள்.

இவ்வளவு பேர் ஏன்? இந்தத் துறை தொடங்கும்போதே அப்படித்தான் தொடங்கியது. 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகுதான் டாக்டர். நோயாளியின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனதிலும், குடும்ப உறவுகளிலும், வாழ்க்கையின் பொருள் பற்றிய கேள்விகளிலும் இருக்கிறது, எல்லாம் சேர்ந்துதான் ‘முழு வலி’ என்று அவர் சொன்னார். அதை ஒரே ஆள் பார்க்க முடியாது. ஒரு குழு சேர்ந்து செய்கிற வேலைக்கு ஒரு பிரிவை மட்டும் பாராட்டினால் மற்றவர்கள் அதை உடனே கவனிப்பார்கள்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த ஆள் சமீபத்தில் செய்த ஒரு காரியத்தை எழுதிப் பாருங்கள். ‘நல்ல டைப்’, ‘பொறுப்பானவர்’ என்பதெல்லாம் செல்லாது. ஒரு காரியம் வேண்டும். சிலருக்கு மூன்று நான்கு வரும். பலருக்கு ஒன்றும் வராது. வெற்றாக இருக்கிற அந்த வரிகள்தான் நீங்கள் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டுகின்றன. பெரும்பாலும் இரவு ஷிப்ட் ஆட்களும், வீடு வீடாகப் போகும் குழுவும் அதில் இருப்பார்கள். வீட்டுக்குப் போகும் நர்ஸ் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறார். அவர் செய்ததைச் சக ஊழியர் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை.

எதைக் கவனிப்பது

இதுதான் புதியவர்களுக்குக் கஷ்டமான பகுதி. அர்ப்பணிப்பு என்பது இங்கே பரபரப்பாக இருக்காது. ஒரு உதாரணம் மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கடைசி நாட்களில் நோயாளி தண்ணீர்கூட விழுங்க மாட்டார். வாயால் மூச்சு விடுவதால் நாக்கு காய்ந்து தடித்துப்போகும், உதடு வெடிக்கும். ஈரமாக்கிய பஞ்சாலோ மிருதுவான பிரஷ்ஷாலோ உள்ளே மெதுவாகத் துடைத்துவிட்டு உதட்டுக்கு ஏதாவது தடவ வேண்டும். ஒரு தடவை செய்தால் போதாது, நாள் முழுக்க அடிக்கடி. சார்ட்டில் ‘வாய் சுத்தம் செய்யப்பட்டது’ என்று ஒரு டிக் விழும். அவ்வளவுதான் அலுவலகத்துக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரே டிக்குக்குப் பின்னால் இரண்டு விதமான வேலை இருக்கலாம். ஒருவர் வந்து துடைத்துவிட்டுப் போகிறார், அதில் தப்பில்லை. இன்னொருவர், கண் திறக்காமல் கிடக்கும் அந்த அம்மாவிடம், “வாயைத் துடைக்கப் போறேன்மா, கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஒரு நொடி நின்று, பிறகு தொடுகிறார். நினைவில்லாதவருக்கும் காதில் விழலாம் என்று வைத்துக்கொண்டே பேசுவது இந்தத் துறையின் பாடம். துடைத்து முடித்தபின், மூலையில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் மகளைக் கூப்பிட்டு, “நீங்க செய்றீங்களா? இப்படி, பக்கவாட்டுல, மெதுவா” என்று பஞ்சைக் கையில் கொடுக்கிறார். அம்மாவுக்குக் கடைசியாகத் தன் கையால் ஒன்று செய்தோம் என்பது அந்த மகளுக்குப் பல வருடம் நிற்கும். சார்ட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

இப்படிப்பட்டவை எல்லா மூலையிலும் நடக்கின்றன. பேச முடியாத நோயாளியைப் புரட்டும்போது புருவம் சுருங்குவதைக் கவனித்து, அடுத்த முறை புரட்டுவதற்கு அரைமணி முன்பே வலி மருந்து கொடுக்கச் சொல்லி நர்ஸிடம் போய் நிற்கும் உதவியாளர். புற்றுப்புண்ணின் வாடையால் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வரத் தயங்குவதைப் பார்த்து, டாக்டரிடம் பேசி மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணில் போட ஏற்பாடு செய்து, கட்டையும் ஒழுங்காக மாற்றி, அவர்களைப் பக்கத்தில் உட்கார வைக்கும் நர்ஸ். கடைசி நேரத்தில் தொண்டையில் வரும் கரகர சத்தத்தைக் கேட்டுப் பதறும் குடும்பத்திடம், அது சளி தேங்கிய சத்தம்தான், அவருக்கு மூச்சடைக்கிறது என்று அர்த்தமில்லை என்று பொறுமையாக விளக்குபவர். நடுராத்திரி போனில் அழுபவரை “டாக்டர் காலையில வருவார்” என்று துண்டிக்காமல், பத்து நிமிடம் பேசவிட்டுக் கேட்பவர். உடலைத் துடைத்து உடை மாற்றும்போதும் உயிரோடு இருந்தபோது பேசிய அதே குரலில் பேசுபவர்.

எதை அர்ப்பணிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் முக்கியம். லீவே எடுக்காதவர், இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்ப்பவர், தன் சொந்த போன் நம்பரை எல்லாக் குடும்பத்துக்கும் கொடுத்து ராத்திரி பகல் பாராமல் பதில் சொல்பவர்: இவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். இவர்களை மேடையில் ஏற்றினால் மற்றவர்கள் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே ஒன்றுதான்: இங்கே பாராட்டு வேண்டுமென்றால் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவர் உழைக்கிறார் என்றால் பெரும்பாலும் அங்கே ஆள் பற்றாக்குறை இருக்கிறது என்று பொருள். அவருக்குத் தேவை சான்றிதழ் இல்லை, இன்னொரு ஆள்.

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், பணிச்சோர்வை அளக்க 1981-ல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து வெளியிட்ட அளவுகோலில் மூன்று கூறுகள் உண்டு: உணர்ச்சி வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, தான் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். நீங்கள் செய்யும் பாராட்டு இதில் மூன்றாவதைத் தொடும். முதலாவதற்கு ஓய்வும் ஆளும் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் போனால், களைத்துப்போனவர்களுக்குக் கைதட்டல் கொடுத்து எரிச்சலைத்தான் கிளப்புவீர்கள்.

சாட்சிகளிடமிருந்து சேகரிப்பது

ஷிப்ட் மாறும்போது நோயாளி நிலவரம் ஒப்படைக்கும் நேரம்தான் ஆரம்பிக்கச் சரியான இடம். எல்லாம் பேசி முடித்தபின் ஒரே ஒரு கேள்வி: “இந்த ஷிப்டில் யாராவது செய்த எந்தக் காரியம் உதவியாக இருந்தது?” பெயர், செய்தது என்ன, தேதி. ஒரு நோட்டில் ஒரே வரி. நோயாளி பெயர் வேண்டாம். பதில் இல்லாத நாளில் வற்புறுத்தாதீர்கள். ஒப்புக்கு எழுதிய வரிகள் சேர ஆரம்பித்தால் நோட்டே மதிப்பிழந்துவிடும். ஒரு மாதத்தில் இது பழகிவிடும். உதவியாளரைப் பற்றி டாக்டர் சொல்வதும், சுத்தம் செய்பவரைப் பற்றி நர்ஸ் சொல்வதும் வரத் தொடங்கினால் திட்டம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

குடும்பத்தினரிடம் கேட்பதில் நிதானம் வேண்டும். இறந்த அன்றே கருத்துப் படிவத்தை நீட்டாதீர்கள். அமெரிக்காவில் ஹாஸ்பிஸ் சேவை பற்றிக் குடும்பங்களிடம் 2015 முதல் நடத்தப்படும் அதிகாரபூர்வக் கருத்தாய்வுகூட, இறப்பு நிகழ்ந்த மாதம் முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துத்தான் அனுப்பப்படுகிறது. துக்கம் விசாரிக்கப் பேசுபவர் அதே பேச்சின் போக்கில் கேட்கலாம். கேள்வியை மட்டும் மாற்றுங்கள். “எங்க சேவை எப்படி இருந்துச்சு?” என்றால் “எல்லாரும் நல்லா பாத்துக்கிட்டாங்க” என்று மரியாதையாக முடித்துவிடுவார்கள். “அந்த நாட்கள்ல யாராவது செஞ்ச ஒரு விஷயம் மனசுல நிக்குதா? பேர் தெரியலன்னாலும் பரவாயில்லை” என்று கேட்டுப் பாருங்கள். “ராத்திரியில வருவாங்களே, கண்ணாடி போட்டவங்க, ஜன்னல் பக்கமா கட்டிலைத் திருப்பி வெச்சாங்க” என்று வரும். டியூட்டி பட்டியலைப் புரட்டினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

குடும்பத்தின் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு, நர்ஸ்களுக்குக் கொடுக்கப்படும் டெய்சி விருது நல்ல உதாரணம். 1999-ல் அமெரிக்காவில் 33 வயது இளைஞர் ஒருவர் நோய் எதிர்ப்பு அமைப்பு சம்பந்தப்பட்ட நோயால் மருத்துவமனையில் இறந்தார். சிகிச்சை பலிக்கவில்லை. ஆனால் நர்ஸ்கள் அவரிடமும் தங்களிடமும் காட்டிய பரிவைக் குடும்பம் மறக்கவில்லை; நன்றி சொல்ல ஒரு வழி வேண்டும் என்று அறக்கட்டளை தொடங்கினார்கள். நோயாளிகளும் குடும்பத்தினரும் சக ஊழியர்களும் எழுதிக் கொடுக்கும் சம்பவங்களே அந்த விருதின் அடிப்படை. இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மருத்துவ நிறுவனங்கள் அதை வழங்குகின்றன.

நன்றிக் கடிதங்கள் ஏற்கெனவே உங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருக்கும். எங்கே இருக்கின்றன என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபைலில் தூங்கும்; யாரைப் பற்றி எழுதியதோ அவருக்கே தெரிந்திருக்காது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை இந்த வாரமே செய்வதென்றால், அந்த ஃபைலை எடுத்து உரியவர்களுக்கு நகல் கொடுங்கள். செலவே இல்லாத வேலை.

சொல்வது எப்படி

வாசகத்தைப் பாருங்கள். “தன்னலமற்ற சேவையாலும் அயராத உழைப்பாலும் நிறுவனத்துக்குப் பெருமை சேர்த்தமைக்காக...” இதில் பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வாங்குபவருக்கும் அது தெரியும்.

இதை ஒப்பிடுங்கள்: “போன வாரம் தங்கியிருந்த ஒரு பெரியவர், குளிக்க வைக்கும்போதெல்லாம் கூச்சத்தில் கோபப்பட்டார். உடம்பில் துடைக்கும் பகுதியைத் தவிர மற்ற இடத்தையெல்லாம் துண்டால் மூடிவைத்து, முடிந்த இடத்தை அவரே துடைத்துக்கொள்ளக் கொடுத்தீர்கள். மூன்றாவது நாளிலிருந்து அவர் உங்களைத்தான் கேட்டார் என்று காலை நர்ஸ் சொன்னார்.” என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன ஆனது, உங்களுக்கு எப்படித் தெரியும். இந்த மூன்றும் இருந்தால் போதும். புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூடத் தேவையில்லை. கடைசி அம்சத்தை விட்டுவிடாதீர்கள். யார் கவனித்துச் சொன்னார் என்று தெரியும்போதுதான் பாராட்டு நம்பும்படி இருக்கிறது.

நோட்டில் வரி விழுந்த ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், முதலில் நேரில், தனியாக. பிறகு அதையே எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை அவருடைய பணிக் கோப்பில் வையுங்கள். பதவி உயர்வோ வேறு வேலையோ தேடும்போது அது உதவும். எல்லோர் முன்பும் சொல்லலாமா என்று அவரைக் கேளுங்கள். கூட்டத்தின் முன் நிற்பதே தண்டனை என்று நினைப்பவர்கள் இந்த வேலையில் நிறையப் பேர். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

நோயாளியின் அந்தரங்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அறை எண், நோய், தொழில், இறந்த தேதி இவற்றில் இரண்டு சேர்ந்தாலே சின்ன இடத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். குடும்பத்தின் கடிதத்தைச் சுவரில் ஒட்டவோ வெளியே பகிரவோ வேண்டுமானால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நோயாளியோடு எடுத்த போட்டோ, நினைவோடு இருக்கும்போதே அவர் சம்மதித்திருந்தால் தவிர, வேண்டவே வேண்டாம்.

பரிசும் பணமும்

எட்வர்ட் டெசி 1971-ல் வெளியிட்ட சோதனைகளும், 1973-ல் படம் வரைய விரும்பும் சிறு குழந்தைகளை வைத்து மார்க் லெப்பரும் சகாக்களும் நடத்திய ஆய்வும் காட்டியது இது: விரும்பிச் செய்யும் ஒன்றுக்கு ‘இதைச் செய்தால் இது கிடைக்கும்’ என்று முன்கூட்டியே சொல்லிப் பரிசு வைத்தால், பிறகு பரிசு இல்லாதபோது ஆர்வம் குறைகிறது. குழந்தைகள் ஆய்வில், எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. எனவே புள்ளிகள், போட்டி, மாதக் கடைசியில் வெற்றியாளர் என்று போகாதீர்கள். ஒரு மரணத்தை நன்றாகக் கவனித்துக்கொண்டதற்கு இத்தனை புள்ளி என்று கணக்குப் போடுவது கேட்கவே நாராசமாக இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு பணத்தை மிச்சம் பிடிக்கவும் கூடாது. ஓவர்டைம் பாக்கி இருக்கும்போது கொடுக்கும் பூங்கொத்தை ஊழியர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் பாக்கியைத் தீருங்கள். அப்புறம், அடுத்த மாத ஷிப்டை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை, ஒரு பயிற்சிக்கான கட்டணம், மாநாட்டுக்குப் போய்வர அனுமதி போன்றவற்றைக் கேட்டுக் கொடுங்கள். என் அனுபவத்தில் இவற்றையெல்லாம்விட எடுபடுவது ஒன்று உண்டு: அவர் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் குறையைச் சரிசெய்து கொடுப்பது. நோயாளியைத் தூக்கும் ஹாய்ஸ்ட் பழுது, இரவில் எரியாத வராண்டா விளக்கு என்று ஏதாவது இருக்கும்.

குடும்பங்கள் தனிப்பட்ட முறையில் பணம் கொடுக்க வந்தால் என்ன செய்வது என்பதற்கு எழுதிய விதி ஒன்று முதல் நாளே இருக்கட்டும். வாங்க முடியாது என்பதை ஊழியர் தன் வாயால் சொல்லிச் சங்கடப்படாமல், “எங்க விதி இப்படி” என்று காட்ட அது உதவும்.

ஒவ்வொரு இறப்புக்குப் பிறகும்

இது பாராட்டுக் கணக்கில் வராதது போலத் தோன்றும். ஆனால் வரும். அமெரிக்காவில் ஒரு நர்ஸ் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவிய பழக்கம் ஒன்று: ஒருவர் இறந்ததும் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்தி, இறந்தவரையும் அவரைக் கவனித்தவர்களின் முயற்சியையும் ஓரிரு வாக்கியத்தில் குறிப்பிட்டு, ஒரு நிமிடத்துக்குள் மௌனமாக நின்றுவிட்டுக் கலைவது. எந்த மதத்தையும் சேராதது என்பதால் யாருக்கும் சங்கடமில்லை. அடுத்த படுக்கைக்கு ஓடுவதற்கு முன் ‘நாம் இங்கே ஒன்று செய்தோம்’ என்று குழு தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் இடம் அது.

கொஞ்சம் பெரிய அளவில் செய்ய வேண்டுமானால் ஷ்வார்ட்ஸ் சுற்று என்ற முறை இருக்கிறது. பாஸ்டனில் வழக்கறிஞராக இருந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்தார். தன்னைப் பார்த்துக்கொண்டவர்கள் காட்டிய சின்னச் சின்ன அன்பே தாங்க முடியாததைத் தாங்க வைத்தது என்று உணர்ந்து, அதற்காக ஒரு மையம் அமைக்க வழிசெய்துவிட்டுப் போனார். அந்த மையத்தின் சுற்றுகளில் டாக்டர் முதல் துப்புரவாளர் வரை சமமாக உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டது தங்களுக்கு மனதளவில் எப்படி இருந்தது என்று மட்டும் பேசுவார்கள். சிகிச்சை சரியா தவறா என்ற விவாதம் கிடையாது.

விழா வைத்தால்

மே 12 சர்வதேச செவிலியர் தினம். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக ஹாஸ்பிஸ் மற்றும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு தினம். எல்லோரையும் சேர்த்துக் கொண்டாட இரண்டாவதுதான் பொருத்தம். ஒரே விழாவைப் பகலில் ஒரு தடவை, இரவு ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் ஒரு தடவை என்று வையுங்கள். வீட்டுக் குழுவுக்கு அன்று பயணத்தைக் குறையுங்கள். சமையலறை ஆட்களும் சுத்தம் செய்பவர்களும் அன்றைக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். பரிமாறுவதும் நாற்காலி அடுக்குவதும் நிர்வாகத்தின் வேலை. நீளமான பேச்சு வேண்டாம். நோட்டிலிருந்து, சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்த வரிகளை வாசித்தாலே நேரம் போய்விடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

முதலில் எழுதிய பட்டியலையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து, யார் பெயர் வரவே இல்லை என்று பாருங்கள். ஒரே ஐந்தாறு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால், அவர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்பதோடு, நீங்கள் இருக்கும் நேரத்தில் வேலை செய்கிறார்கள் என்றும் அர்த்தம். பெயர் வராதவர்களின் ஷிப்டுக்கு ஒருநாள் நீங்களே போய் முழுக்க இருங்கள். கையில் படிவம் இல்லாமல் போங்கள், இல்லாவிட்டால் சோதனைக்கு வந்ததாக நினைப்பார்கள்.

அடிக்கடி வந்துகொண்டிருந்த பெயர் திடீரென்று நின்றுவிட்டால் அதையும் விடாதீர்கள். அடுத்தடுத்துச் சில இறப்புகள், அல்லது மனதுக்கு நெருங்கிப்போன ஒரு நோயாளியின் இறப்பு, அவரை உள்ளுக்குள் சாய்த்திருக்கலாம். ஏன் முன்புபோல இல்லை என்று விசாரிக்கப் போகாதீர்கள். எப்படி இருக்கிறார், கொஞ்ச நாள் வேறு பிரிவில் இருக்க விரும்புகிறாரா, லீவு வேண்டுமா என்று கேட்கப் போங்கள். நோட்டு எழுதும் பொறுப்பையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவருக்கு மாற்றுங்கள், அடுத்த முறை நர்ஸ் அல்லாத ஒருவருக்கு. அவர் கண்ணில் படுவது வேறாக இருக்கும்.